ஒப்புக்கொண்ட பொய்

ஏமாற்றவும் ஏமாறவும் இரு தரப்பாரும் முன்கூட்டியே இசைந்திருந்தால், அங்கே நிகழும் பொய் பொய்தானா? சூது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதை நிறுவ நாம் முற்படவுமில்லை. ஆயினும் இவ்வினாவைச் சீட்டு மேசையில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் ‘ஒமாஹா’ என்றொரு போக்கர் ஆட்டம் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டு மறைவாக இருக்கும். நடுவே முதலில் மூன்றும், பின்னர் ஒவ்வொன்றாக இரண்டும் எல்லோரும் காண விரிக்கப்படும். கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எனச் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஐந்தும் ஒரே இனமானால் ‘ஃப்ளஷ்’. நடுவில் சேர்ந்துள்ள தொகையே பந்தயத்துக்கு வரம்பு.

முதல் மூன்று சீட்டு விரிந்ததும் ஒருவனுக்குக் கையில் இரண்டும் நடுவில் இரண்டுமாக நான்கு இஸ்பேடு அமைந்துவிட்டதெனக் கொள்வோம். அவன் காணாத 45 சீட்டுகளில் இஸ்பேடு 9. வரவேண்டிய இரண்டில் ஒன்றேனும் இஸ்பேடாக வர 100க்கு ஏறத்தாழ 36 வாய்ப்பு. ஒன்றே எஞ்சும்போது 20 அளவுக்கு இறங்கிவிடும். இந்நிலையில் அவன் காத்திராமல், வலிய சீட்டு உடையவன்போல் பந்தயத்தை உயர்த்துகிறான். எதிராளி அஞ்சி விலகினால் ஆதாயம். விலகாவிடினும் இஸ்பேடு வந்து காக்கக்கூடும். பாதி பொய், பாதி நம்பிக்கை.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. நடுவில் மூன்று இஸ்பேடு கிடக்கின்றன. ஒருவன் கையில் இஸ்பேடு ஆஸ் மட்டும் இருக்கிறது. துணைக்கு வேறு இஸ்பேடு இல்லை. ஆகவே அவனுக்கு ஃப்ளஷ் இல்லை. ஆனால் ஆஸ் தலைமையிலான ஃப்ளஷ் வேறெவரிடமும் இருக்க முடியாது என்பதை அவன் ஒருவனே அறிவான். அந்த மெய்யறிவையே முதலாக வைத்துப் பொய்யை விற்கிறான்!

சிறு பந்தய மேசைகளிலோ இத்தந்திரம் பெரும்பாலும் பலிப்பதில்லை என்பர் ஆடிப் பழகியோர். போவது சில்லறைதானே, பார்த்துவிடுவோம் என்று எதிராளி ஈடு கட்டிவிடுகிறான். அப்படியானால் இப்பொய்யின் வலிமை சொல்பவனின் திறமையில் இல்லை. கேட்பவனின் அச்சத்தில் இருக்கிறது.

1968இல் ஆல்பர்ட் கார் என்பவர் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ’ இதழில், வியாபாரமும் போக்கர் போன்றதே, அதன் விதிகளை அறிந்தோரிடையே இத்தகைய பாசாங்கு அறக்கேடாகாது என்று வாதிட்டார். மேசையளவில் அவர் கூற்றை ஒருவாறு ஏற்கலாம். அங்கே பந்தயம் சாட்சியமன்று. உண்மை உரைப்பதாக எவரும் வாக்களிக்கவுமில்லை. ஆனால் மகளின் நிக்காஹுக்குத் துணி எடுக்க வந்த தாய் எந்த மேசையில் அமர்ந்தார்? சீட்டாடுபவன் கையை மடக்கிவிட்டு எழுந்து போகலாம்; நாள் நெருங்கிவிட்ட அத்தாய்க்கு அது எளிதன்று. “இதையே இப்போது ஒருவர் அதிக விலைக்குக் கேட்டுப் போனார்” என்ற கடைக்காரரின் சொல், தேவை மிக்கவரையே முதலில் வீழ்த்தும்.

வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ‘நஜஷ்’ என்பது அதன் பெயர். சந்தையில் இது வழக்கந்தானே என்ற சமாதானம் அதற்குப் பொருந்தாது. “வந்த விலைக்கே தருகிறேன்” என்பதும் அத்தகையதே. வாங்குபவர் அதைப் பந்தயமாகக் கேட்பதில்லை, சாட்சியமாகவே கேட்கிறார். அதனாலன்றோ, சொன்ன கொள்முதல் விலை பொய்யென வெளிப்பட்டால் மிகுதியைக் கழித்துக்கொள்ளவோ, விற்பனையையே முறித்துக்கொள்ளவோ நம் ஃபிக்ஹு நூல்கள் வழி வகுத்துள்ளன.