காலடியில் இருந்தவை

1650ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜான் ரே என்ற இளம் ஆசிரியர் நோய்வாய்ப்பட்டார். கொல்லரின் மகனாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர் அவர். உடலும் உள்ளமும் தளர்ந்ததால், நூல்களை மூடிவைத்துவிட்டு வயல்வெளிகளில் நடக்கத் தொடங்கினார். அப்போதுதான் நாள்தோறும் கண்முன் இருந்தும் காலால் மிதித்துக் கடந்துவந்த செடிகளின் அழகு அவருக்குப் புலப்பட்டது. அவற்றைப் பற்றிக் கற்பிக்க அப்பல்கலைக்கழகத்தில் எவரும் இல்லை. தாமே பல ஆண்டுகள் நடந்து கற்றார். கேம்பிரிட்ஜைச் சுற்றி வளரும் செடிகளைப் பற்றிய அவரது நூல் 1660இல் வெளிவந்தது.

கண் திறந்திருப்பது வேறு, காண்பது வேறு. அந்நாட்டுக் காடுகளில் ஏப்ரல், மே மாதங்களில் மரங்கள் தழைத்து நிழல் மூடுவதற்குள் புளூபெல் மலர்கள் நீலமாய்ப் பரவுகின்றன. அவற்றுக்கும் முன்பே உட் அனிமோனி என்னும் வெண்மலர் விரிகிறது. வெயில் மறைந்தால் இதழ்களைக் கூப்பிக்கொள்கிறது. அது நூறு ஆண்டுகளில் சுமார் 6 அடி தூரமே பரவும் என்பார்கள். ஆகவே, ஒரு காட்டில் அம்மலர்கள் நிறைந்திருக்கின்றன என்றால், அது பல நூற்றாண்டுகளின் பொறுமை. விரைந்து நடப்பவனுக்கு அங்கே வெண்மை தெரியும், மலர் தெரியாது. தன் பாதம் எங்கே படுகிறது என்பதும் தெரியாது.

அதே வசந்தத்தில் குளக்கரைகளில் சிவப்பு ஊசித்தட்டான் வெளிவருகிறது. ஓராண்டோ ஈராண்டோ நீருக்கடியில் புழுவாய் வாழ்ந்தபின், ஒரு தண்டைப் பற்றி மேலேறுகிறது. தோல் பிளந்து வெளிவரும் உடல் வெளிறி, மென்மையாக இருக்கும். சிறகுகள் விரிந்து உலரும் வரை அதனால் பறக்க இயலாது. பறந்து வாழ்வதோ சில வாரங்களே. இதைக் காண விரும்புபவர் அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். ஜபத்திற்குக் கால்மணி நேரம் அமர இயலாதவர்களும் இதற்காக ஒரு மணி நேரம் அமர்ந்துவிடுகிறார்கள்! மனம் அடங்காது என்று நொந்துகொள்ளும் சாதகர்கள், அது எங்கே தானாக அடங்குகிறது என்பதையும் கவனிக்கலாம்.

இத்தகைய கவனம் மலரோடு நின்றுவிடுவதில்லை. 1662இல் அரசு ஓர் அறிக்கையில் ஒப்பமிடுமாறு கேட்டது. முன்னர்ப் பலர் ஏற்றிருந்த ஓர் உறுதிமொழி அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் பொருள். ரே அந்த உறுதிமொழியை எடுத்தவரே அல்லர். ஆயினும் அவ்வாறு அறிவிக்க அவர் மனம் ஒப்பவில்லை, பதவியை இழந்தார். ஓர் இதழின் வடிவத்தைக்கூடப் பிழையாக எழுதத் துணியாதவர் வேறு என்ன செய்திருப்பார்?

படைப்பில் இறைவனின் ஞானம் வெளிப்படுவதைப் பற்றி 1691இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உயிர்கள் யாவும் மனிதனின் பயனுக்காகவே படைக்கப்பட்டன என்ற எண்ணத்தை அதில் அவர் ஏற்கவில்லை.

முதுமையில் பிறந்த ஊரான பிளாக் நாட்லியில் வாழ்ந்தபோது, கால்களில் ஆறாத புண்கள். நடந்து நடந்து கற்றவரால் நடக்க இயலவில்லை. மனைவியும் மகள்களும் தோட்டத்திலிருந்தும் வேலியோரங்களிலிருந்தும் கம்பளிப்புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். அவர் அவற்றை உற்றுநோக்கி எழுதிக்கொண்டே இருந்தார். 1705 ஜனவரியில் மறைந்தார்; பூச்சிகளைப் பற்றிய அந்நூல் 1710இல் அச்சாயிற்று.