இளைப்பாறியோர் செல்வமும் அளவறிதலும்

இளைப்பாறிய ஒருவர் தம் சேமிப்பிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு எடுத்துச் செலவிடலாம் என்பது கணக்கியல் வினாவாகத் தோன்றும். ஆயின் அடிப்படையில் அஃது அறவியல் வினாவேயாகும்.

கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளின் தோட்டங்களில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கு இன்று தொழிலாளர் தம் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்வழங்குநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். ஓய்வூதியம் மாதந்தோறும் வருவது. சேமலாப நிதியோ ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் ஒரே தொகையாகக் கைக்கு வருகின்றது. அதனை எஞ்சிய ஆண்டுகளுக்குப் பங்கிடும் பொறுப்பு முதியவரையே சார்கின்றது.

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் ஒரு விதியை முன்வைத்தார். முதலாண்டில் சேமிப்பின் 4 சதவீதத்தை எடுத்து, பின்னர் விலையேற்றத்துக்கேற்ப அத்தொகையை உயர்த்திவரின், சேமிப்பு 30 ஆண்டுகள் தாங்கும் என்பது அது. அமெரிக்கப் பங்குகள், கடன்முறிகள் ஆகியவற்றின் கடந்தகாலப் பயனிலிருந்து பெறப்பட்ட அவ்விதியை, 2022 செப்தெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்த இலங்கைக்கு அவ்வாறே பொருத்துதல் இயலாது. ஆயினும் அதன் உட்கருத்து கொள்ளத்தக்கது: இன்றைய செல்வத்தில் நாளைய முதுமைக்கும் பங்குண்டு.

இதற்கு எதிராக நிற்பது பாசம். மகளின் திருமணமும் மகனின் கடனும் முன்நிற்கையில் பணத்தைக் காத்துவைத்தல் உலோபம் எனப் பழிக்கப்படும். ஆயின் அனைத்தையும் ஈந்தவர், ஈயப்பெற்றோருக்கே பின்னர் சுமையாதலும் கூடும். ஈகையின் அளவைப் பற்றிய குறள்களை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் அமைத்தமை ஈண்டுச் சிந்திக்கற்பாலது. தன் வலியறிந்து ஈதலே நிலைத்த ஈகை. மறுபுறம், வாராது போகக்கூடிய நாளைக்காக இன்று பசித்திருத்தலும் அறமாகாது.

எனினும் அளவறிதல் என்னும் அறத்துக்கும் ஓர் எல்லையுண்டு. பத்து இலட்சம் ரூபாவின் 4 சதவீதம் ஆண்டுக்கு 40,000 ரூபா. மாதத்துக்கு ஏறத்தாழ 3,333 ரூபா. அதனைக் கொண்டு வாழ இயலாதவர் முதலையே எடுத்து உண்பாராயின், அவரை ஊதாரி என்றல் பொருந்தாது. அளவோடு செலவிடுமாறு அறிவுறுத்தும் சமூகம், அளவிடுதற்குப் போதிய ஊதியத்தை உழைத்த காலத்தில் வழங்கியதா என்பதையும் தன்னையே வினவுதல் வேண்டும்.