உடன்படுதலும் வினையே



யசோதர காவியத்தின் கதையை அறியாத சமணக் குடும்பம் அரிது. அவந்தி நாட்டு மன்னன் யசோதரன் தான் கண்ட தீக்கனவைத் தாய் சந்திரமதியிடம் கூறுகிறான். தேவிக்கு உயிர்ப்பலி இட்டால் தீமை அகலும் என்கிறாள் தாய். உயிர்க்கொலை செய்யேன் என்று மகன் மறுக்கிறான். அப்போது தாய் ஒரு நடுவழி சொல்கிறாள்: உயிருள்ள கோழி வேண்டா, மாவினால் கோழி ஒன்று செய்து அதனைப் பலியிட்டால் போதும். தாயின் மனமும் நோகாது, ஓர் உயிரும் போகாது என்று எண்ணி மன்னன் இசைகிறான். அதன் பயனாகத் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் அலைகின்றனர். வெட்டியும் வெட்டுண்டும், ஈற்றில் கோழிகளாகவே பிறந்தும் துன்புற்ற பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மக்கட் பிறவியை எய்துகின்றனர்.

இக்கதையைச் சிறுவர்க்குச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும். மாவுக்கு உயிர் ஏது? கொல்லாத கொலைக்கு இத்தனை தண்டனையா?

விடை இதுதான். மன்னன் விட்டுக்கொடுத்தது மாவை அன்று, கொள்கையை. பலியினால் தீமை நீங்கும் என்பதை அவன் ஏற்றுக்கொண்டான். பலிப்பொருள் எது என்பதில் மட்டுமே பேரம் நடந்தது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றாலும், மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் வினை வந்து சேரும் என்று நம் ஆகமங்கள் கூறுகின்றன. அரசியலில் இருவர் கூடி முடிவு செய்வதை உடன்பாடு என்கிறோம். உடன்பாடு என்னும் சொல்லிலேயே உடன்படுதல் இருக்கிறது. ஆகவே உடன்பாடு எப்போதும் நன்றா என்பது அரசியலாருக்கு மட்டும் உரிய வினா அன்று; சிராவகர் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

"நம் சமயம் அநேகாந்தம் போதிக்கிறதே! எப்பக்கத்திலும் உண்மை உண்டு என்றால் எதையும் விட்டுக்கொடுப்பதுதானே முறை?" என்று சிலர் கேட்பர். அநேகாந்தம் பொருளைப் பல நோக்கில் அறியச் சொல்கிறது; பிறர் கூற்றைப் பொறுமையோடு கேட்கச் சொல்கிறது. கொலையும் ஒரு நோக்கில் அறமே என்று அது ஒருபோதும் கூறவில்லை. அதே வேளையில், எல்லார்க்கும் ஒரே அளவை நம் சமயம் விதிக்கவுமில்லை. துறவியர்க்கு மகாவிரதம், இல்லறத்தார்க்கு அணுவிரதம். உழுவதிலும் சமைப்பதிலும் தற்காப்பிலும் நேரும் ஊறுகளை இல்லறத்தான் முற்றும் தவிர்க்க இயலாது. ஆனால் கருதிச் செய்யும் கொலையை அவன் அறவே விட வேண்டும். அளவில் தளர்வு உண்டு. திசையில் தளர்வு இல்லை. அணுவிரதி மெல்ல நடப்பான். ஆனால் மகாவிரதி செல்லும் பாதையில்தான் நடப்பான்.

இந்த வேறுபாட்டை விளக்க நான் வாழும் ஓமலூர் வட்டாரத்தின் வரலாறே ஒரு சான்று தருகிறது. 1937ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் அன்று ஒரே மாவட்டம். அவருக்கு இது புதிய எண்ணம் அன்று. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய நாள் முதல் ஊர் ஊராகச் சென்று மதுவின் தீமையை எடுத்துரைத்தவர் அவர். அதற்கெனவே 'விமோசனம்' என்னும் இதழையும் நடத்தினார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கல்கி.

ஆட்சிக்கு வந்தபின் அவர்முன் இருந்த தடை கருவூலம். கள், சாராய வரி மாகாண வருவாயின் பெருந்தூண்களுள் ஒன்று. அதனை விட்டால் கல்விக்கும் மருத்துவத்திற்கும் பணம் எங்கே என்று கேட்டனர். இராஜாஜி இரண்டு இடங்களில் இறங்கி வந்தார். மாகாணம் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முனையாமல் ஒரு மாவட்டத்தில் தொடங்கினார். அடுத்து சித்தூர், கடப்பை, அதன்பின் வட ஆர்க்காடு என்று படிப்படியாக நடந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொணர்ந்தார். வணிகர் எதிர்ப்பையும் ஏற்றுக்கொண்டார். மரமேறும் தொழிலாளர் பிழைப்பை இழக்காதிருக்கப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது. இவை யாவும் விட்டுக்கொடுத்தல்களே. ஆயினும் குடியின் வருவாயால் குடிகளை வாழ்விக்கலாம் என்னும் கருத்துக்கு மட்டும் அவர் இணங்கவில்லை. அளவில் இறங்கினார், திசையில் இறங்கவில்லை. அதனை அரசியலில் கைக்கொண்ட அணுவிரதம் என்றே சொல்லலாம்.

இனி, உறுதி என்பதெல்லாம் அறமாகிவிடுமா? ஆகாது. அதே ஆட்சியில், 1938இல், உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் ஆணையிலும் அவர் இதே உறுதியைக் காட்டினார். தமிழகம் கொந்தளித்தது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939இல் சிறைவாசத்தின்போது உயிர் நீத்தனர். 1940இல் ஆணை திரும்பப் பெறப்பட்டது. பின்னாளில் இராஜாஜியே இந்தித் திணிப்பை எதிர்த்தார். மதுவிலக்கிலும் உறுதி, மொழியிலும் உறுதி; ஆனால் முன்னது எளியோர் மீதிருந்த சுமையை இறக்க முயன்றது, பின்னது பிறர்மேல் ஒரு சுமையை ஏற்றியது. தம் கருத்தையே அறம் என்று மயங்கிப் பற்றிக்கொள்வதை நம் முன்னோர் ஏகாந்தம் என்றனர்.

மற்றொரு பக்கத்தையும் காண்க. 1942இல் காங்கிரசு முழுவதும் மறுத்தபோதும், முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு காண வேண்டும் என்று வாதிட்டவர் இதே இராஜாஜி. அதற்காகக் கட்சியை விட்டே விலகினார். 1944இல் அவர் வகுத்த திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு காந்தியடிகள் ஜின்னாவோடு பேசினார். பேச்சு பயன் தரவில்லை. அத்திட்டம் சரியா தவறா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அதன் நோக்கம் குருதி சிந்தாமை. அதற்காக அவர் விட்டுக்கொடுத்தவற்றுள் தம் செல்வாக்கும் பதவியும் முதலில் நின்றன. தமக்குரியதை இழந்து அமைதி தேடுவது ஒருவகை. பிறர் வாழ்வை இழக்கச் செய்து தமக்கு அமைதி தேடுவது மற்றொரு வகை. இரண்டையும் உடன்பாடு என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

மதுவிலக்கின் கதை அத்தோடு முடியவில்லை. உலகப் போர்க் காலத்தில் ஆளுநர் ஆட்சி அதனை நிறுத்தியது. விடுதலைக்குப் பின் 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் விரிந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது. அப்போது தொண்ணூறு வயதைக் கடந்திருந்த இராஜாஜி, முதலமைச்சர் கருணாநிதியின் இல்லத்திற்கே மழையில் சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அரசின் நிதி நெருக்கடியும், அண்டை மாநிலங்களில் மது தடையின்றிக் கிடைத்ததும் தளர்த்தியவர் தரப்பின் நியாயங்கள். 1974இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. இன்று அதன்வழி ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் கருவூலம் சேர்கிறது. கட்சிகள் மாறின, கணக்கு மாறவில்லை. எக்கட்சியையும் இகழ்வது என் நோக்கமன்று.

கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது வலுவான வாதமே. புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் கடைகள் திறந்திருந்தபோதே, 2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

"அப்பணத்தில்தானே பள்ளிகள் நடக்கின்றன?" என்று என்னிடமே கேட்டவர் உண்டு. உண்மைதான். நான் பெற்ற ஊதியமும் இன்று பெறும் ஓய்வூதியமும் அதே கருவூலத்திலிருந்துதான் வருகின்றன. நாட்டில் வாழ்வோர் அதன் கருவூலத்தை விட்டு விலகி நிற்க முடியாது. ஆனால் வகுப்பறையின் மறுபக்கத்தையும் கண்டவள் நான். சம்பள நாளுக்கு மறுநாள் உண்ணாமல் வந்து பாடவேளையில் சுருண்டு படுத்த பிள்ளைகளுக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. தந்தையின் குடியால் பட்டினி கிடந்த பிள்ளைக்கு அக்குடியின் வரியில் பாடம் சொல்லித் தருவதை நலத்திட்டம் என்பதா? தவிர்க்க இயலாமல் ஒன்றில் வாழ்வது ஆரம்ப ஹிம்சை போன்றது. அதனை நன்று என்று பாராட்டத் தொடங்கும்போதுதான் அது உடன்படுதலாகிறது.

எனவே, வாக்களிக்கும்போதும், சங்கத்தில் தீர்மானம் எழுதும்போதும், வீட்டில் விருந்து வைக்கும்போதும் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, விட்டுக்கொடுக்கப்படுவது யாருடையது? நம் இடம், நம் பெருமை, நம் இலாபம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பிறர் உயிரும் வாழ்வும் என்றால் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது, இது அதே பாதையில் மெதுவான நடையா, வேறு பாதையா? சேலத்தில் மட்டும் தொடங்கியது மெதுவான நடை. மாக்கோழி வேறு பாதை.

மூன்றாவது, இணங்கியபின் நம் உள்ளம் வருந்துகிறதா, மகிழ்கிறதா? குறைபட நடந்த சிராவகன் பிரதிக்கிரமணத்தில் அதனைக் குறை என்று ஒப்புக்கொண்டால் பாதை அவனுக்கு மூடப்படுவதில்லை. குறையையே கொள்கை என்று பெயர் மாற்றினால் திரும்ப வழியில்லை.

ஆசாரியர் சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரம், மது, ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதலை ஐந்து அணுவிரதங்களோடு சேர்த்து இல்லறத்தாரின் எட்டு மூலகுணங்களாக வைக்கிறது. நம் இல்லங்களில் இது இன்றும் பெரிதும் காக்கப்படுகிறது. ஆனால் வணிக நண்பர்களுக்காக, மணவிழாவின் பெயரால், "நாம் அருந்துவதில்லை, அவர்களுக்கு மட்டும்" என்னும் புதிய உடன்பாடு சில இடங்களில் தலைகாட்டுகிறது. அதுவும் மாக்கோழிதான். செய்யாமல் இருப்பது முதற்படி. செய்விக்காமல் இருப்பது இரண்டாம் படி. உடன்படாமல் இருப்பதே நிறைவு.

இவ்வுறுதியில் சினத்திற்கு இடமில்லை. குடிப்பவரை வெறுத்தல் நம் நெறியன்று. கடையைத் திறந்தவரைத் தூற்றுதலும் நம் நெறியன்று. அபயருசி தன்னைப் பலியிட வாளோடு நின்ற மாரிதத்தனைச் சபிக்கவில்லை. தான் ஒரு மாக்கோழிக்கு இணங்கியதனால் பட்டதை அமைதியாக எடுத்துரைத்தான். கேட்ட மன்னன் வாளைக் கீழே வைத்தான்.

அறம் வெல்க. ஜைனம் ஜயது சாசனம்.