மூன்றெழுத்து இரங்கல்

அச்சரப்பாக்கத்திலும் மற்ற ஊர்களைப் போலவே சாவுச் செய்தி இரண்டு வழியாக வருகிறது. கடைத்தெருச் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி. கைபேசியில் வாட்ஸ்அப் குழு. சுவரொட்டி வீட்டுக்கு வீடு மாறும்: சிவபதவி அடைந்தார், இறைவனடி சேர்ந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குழுவில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ஆர்.ஐ.பி.

'ரெஸ்ட் இன் பீஸ்' என்பதன் சுருக்கம் இது என்பது தெரிந்ததே. அதற்கு மூத்த லத்தீன் தொடரின் முதலெழுத்துகளும் இவையேதாம்: 'ரெக்வியெஸ்காத் இன் பாச்சே'. கடைசிச் சொல்லைக் கத்தோலிக்கத் திருச்சபை 'பாச்சே' என்கிறது. பண்டைய ரோமில் அது 'பாக்கே'. எப்படி ஒலித்தாலும் கவனிக்க வேண்டியது வினைமுற்றைத்தான். 'இளைப்பாறுகிறார்' என்று அது சொல்லவில்லை, 'இளைப்பாறுவாராக' என்கிறது. பிணத்தைப் பார்த்துச் சொன்னாலும் கேட்க வேண்டியவர் கடவுள். இறந்த ஆன்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் இன்னும் தூய்மையடைய வேண்டியிருக்கலாம், உயிரோடிருப்பவர்களின் செபம் அதற்கு உதவும் என்ற நம்பிக்கை இதற்குள் இருக்கிறது.

அச்சரப்பாக்கத்து மழைமலை மாதா அருள்தலத்துக்கு இன்று வருகிற கத்தோலிக்கர் பலரின் தாத்தா பாட்டிமார் இதை லத்தீனிலேயே கேட்டவர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகுதான் அடக்கச் சடங்கு தமிழுக்கு வந்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் குடும்பங்கள் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துச் செபிப்பது அதே விண்ணப்பத்தைத்தான்.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படி விண்ணப்பிப்பதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினக் கோட்டையில் டச்சுக்காரர்களின் கல்லறைக் கற்கள் கிடக்கின்றன. அவர்கள் சீர்திருத்தச் சபையினர். உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுத்தவர்கள். இறந்தவருக்காக மன்றாடுவதையும் சேர்த்தே மறுத்தார்கள். அக்காலத்து டச்சுக் கற்களில் பரவலாகக் காணப்படும் தொடர் 'ஹீர் லெய்ட் பெஃக்ராவன்' ('க்'கைத் தொண்டையில் உரசி ஒலிக்க வேண்டும்), 'இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்' என்று பொருள். அதில் வேண்டுதல் கிடையாது.

இஸ்லாமியர் வீட்டில் 'இன்னா லில்லாஹி' என்று தொடங்கும் அரபுத் தொடர் இன்னொரு வகை. நாம் எல்லோரும் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று சொல்கிறவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இறந்தவருக்கான வேண்டுதல் அதன் பிறகு, தனியாக வருகிறது.

சைவ வீட்டுச் சுவரொட்டிதான் மிகவும் சிந்திக்க வைப்பது. சம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் இருக்கும் ஊர் இது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு முறிந்த இடம் என்பது தலபுராணம். சைவ சித்தாந்தத்தில் உயிர் அநாதி. மலம் என்னும் கட்டு நீங்கி இறைவன் திருவடியில் சேர்வதே அதன் கதி. மண்ணுக்குள் அமைதியாகக் காத்திருப்பது அங்கே பேச்சே இல்லை, உடலைத்தான் எரித்தாயிற்றே. 'அடைந்தார்' என்று இறந்தகாலத்தில் முடித்தும்விடுகிறார்கள். ஆனால் அதே வீட்டில் பதினாறாம் நாள் காரியம் நடக்கிறது, பிண்டம் வைக்கிறார்கள். போய்ச் சேர்ந்தவருக்கு வழிச்சோறு எதற்கு? வாய் உறுதியாகச் சொல்வதை மனம் இன்னும் உறுதியாக நம்பவில்லை என்பதே காரணமாக இருக்க வேண்டும். இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அன்புக்குரியவர் எங்கே போனார் என்று உறுதியாகத் தெரியாத துயரத்தில் மனிதர்கள் இரண்டையும் பற்றிக்கொள்கிறார்கள்.

ஆக, விண்ணப்பம், அறிவிப்பு, ஒப்புக்கொள்ளல் என்று மூன்று வெவ்வேறு செயல்கள். ஆர்.ஐ.பி. இவற்றில் ஒன்றைத்தான் செய்கிறது. அதைத் தட்டுகிறவரின் இரக்கம் மெய்யானதுதான். ஆனாலும் இறந்தவர் எதை நம்பி வாழ்ந்தார் என்ற கேள்வி அதில் விடுபட்டுப்போகிறது. பக்கத்து வீட்டு பாய் காலமானால், அல்லாஹ் அன்னாரின் பாவங்களை மன்னித்துச் சுவனபதியை வழங்குவானாக என்று ஓர் இந்து எழுதலாம். அதற்காக அவர் மதம் மாற வேண்டியதில்லை. பெரியப்பா சிவபதவி அடைந்த செய்திக்கு ஒரு கிறிஸ்தவ நண்பர் அந்தச் சொல்லையே திருப்பி எழுதினால் அந்த வீட்டார் அதை நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.