நைட்ரஜனை எண்ணிய கதை

பாலில் புரதம் எவ்வளவு என்று அளக்க நெடுங்காலமாக ஒரு குறுக்குவழி இருக்கிறது. புரதத்தை அளப்பதில்லை, அதிலுள்ள நைட்ரஜனை அளக்கிறார்கள். 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில், பீர் காய்ச்சும் தானியத்துக்காக யோஹான் கெல்டால் உருவாக்கிய முறை. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, நைட்ரஜனை அம்மோனியாவாகப் பிரித்து அளக்கவேண்டும். பால் என்றால், வந்த எண்ணை 6.38ஆல் பெருக்கினால் புரதம். அவ்வளவுதான்.

எனக்கு இந்த முறைமேல் மரியாதை உண்டு. "பால் தண்ணியா இருக்கே" என்று வாங்குபவர் முகம் சுளித்தால் மாடு வளர்ப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? நாக்கோடு வாதாட முடியாது. எண்ணோடு முடியும். எந்த ஊரில், யார் சோதித்தாலும் ஒரே விடை என்பது எளியவருக்குக் கிடைத்த ஒரு நியாயம்.

ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால், கேள்வித்தாள் எல்லோருக்கும் முன்பே தெரிந்துவிடும், இல்லையா?

2008இல் சீனாவில் அதுதான் நடந்தது. பாலில் தண்ணீர் கலந்தால் புரத அளவு இறங்கும். அதை ஏற்றிக்காட்ட மெலமைன் கலந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் பால் தேறியது. அந்தப் பால்மாவைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் உண்டானது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள்.

கலந்தவர்கள் குற்றவாளிகள், அதில் பேச்சே இல்லை. என்னை உறுத்துவது ஆய்வகத்தில் இருந்தவர். அவர் பொய் சொல்லவில்லை. நைட்ரஜன் இருந்தது, இருந்ததை எழுதினார். ஆனால் தாளில் 'நைட்ரஜன்' என்றா எழுதினார்? 'புரதம்' என்று எழுதினார். இரண்டுக்கும் நடுவே, பாலில் யாரும் வேறு நைட்ரஜன் சேர்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்று ஒளிந்திருக்கிறது. கெல்டாலின் ஆய்வகத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆபத்து இல்லை. தானியத்துக்குத் தன் புரத அளவை ஏற்றிக்காட்டும் ஆசை கிடையாது. விலையை அந்த எண்ணோடு கட்டியபிறகு நிலைமை வேறு. காசு கொடுக்கும் எண் எதுவோ, அதைக் காவல் காப்பதும் அளப்பவரின் வேலைதான் என்று நினைக்கிறேன். 'எனக்குச் சொன்னதைத்தான் அளந்தேன்' என்பது நேர்மையான பதில்தான். போதுமான பதில் இல்லை.

2010இல் கோடெக்ஸ் உணவுத்தர ஆணையம் குழந்தைப் பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் மெலமைன் என்று உச்சவரம்பு வைத்தது. நல்லது. ஆனால் 2007இலேயே, சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் இதே மெலமைன் கலந்திருந்ததால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் செத்திருந்தன. காரணம் அந்த வருடமே செய்தித்தாள்களில் வந்துவிட்டது.