மட்காத மரம் மரந்தானா?

மரம் என்றால் மட்கித்தான் தீர வேண்டுமா? தச்சனான எனக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

நெதர்லாந்தின் ஆர்னெம் நகரில் 'அக்கோயா' பலகை செய்கிறார்கள். ரேடியாட்டா பைன் மரத்தை அசெட்டிக் அன்ஹைட்ரைடில் ஊறவைத்துச் சூடேற்றுகிறார்கள். மரத்தின் செல்சுவரில் நீரைப் பிடித்துவைக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளில் பல அசெட்டைலாக மாறிவிடுகின்றன. பிறகு மழையில் பலகை அவ்வளவாக உப்புவதில்லை. பூஞ்சைக்கும் எளிதில் இரையாவதில்லை. அறுத்த முனையை முகர்ந்தால் லேசான வினிகர் வாடை. வெளிச்சுவரிலோ திறந்த தளத்திலோ மண்ணைத் தொடாமல் பதித்தால் 50 ஆண்டு உத்தரவாதம்.

இயல்பை மாற்றுவது அதர்மம் என்பார் உண்டு. ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புது மரத்தால் கட்டுகிறார்கள். அழிவை ஏற்றுப் புதுப்பிப்பதே அங்கே வழிபாடு. ஆனால் கழற்றிய மரத்தை அவர்களும் வீசிவிடுவதில்லை, வேறு ஆலயங்களுக்குத் தருகிறார்கள். எனக்கு அக்கோயாவும் இசேயும் ஒரே அறமாகப் படுகின்றன. ஓர் உயிரை வெட்டியவன், அதை நெடுநாள் உழைக்க வைக்கக் கடமைப்பட்டவன்.

ஐம்பது ஆண்டு நித்தியம் அல்ல. தோட்டத்து ரேடியாட்டா பைன் ஏறக்குறைய 30 ஆண்டில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும். எடுத்தது தேய்வதற்குள் இன்னொன்று வளர்ந்துவிட வேண்டும். அந்த அவகாசத்தைத் தருகிற எந்த மாற்றத்தையும் நான் கைகூப்பி ஏற்பேன்.