எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாட்களுள் ஓர் இரவிலே, ஐக்கிய அமெரிக்காவின் நகரங்கள் தோறும் தொண்டர்கள் கைவிளக்கும் வினாப்பட்டியலுமாகத் தெருவில் இறங்குகின்றனர். பாலங்களின் அடியிலும், பூங்காக்களிலும், கடை வாயில்களிலும், நிறுத்தி வைக்கப்பட்ட மோட்டார் வாகனங்களுக்குள்ளும் உறங்குவோரைத் தேடிச் சென்று எண்ணுகின்றனர். அதே இரவிற் புகலிடங்களிலே படுத்திருப்போரின் தொகையும் எடுக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டில் இவ்வாறு எண்ணப்பட்டோர் 771,480 பேர். முந்திய ஆண்டில் 653,104 பேர். ஓராண்டிலே ஓர் இலட்சத்துப் பதினெண்ணாயிரம் மனிதர் கூடிவிட்டனர். செல்வச் செழிப்பில் உலகுக்கே முன்மாதிரி எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் நாட்டின் கணக்கு இது. பகைவர் புனைந்ததன்று, அந்நாட்டு வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களமே வெளியிட்டது.

கணக்கெடுப்பு ஓர் இரவுடன் முடிவதில்லை. அரசாங்கப் பணம் பெறும் புகலிடத்துள் ஒருவர் நுழைந்தால் அவருடைய பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம், இனம், படையிற் சேவை செய்தவரா என்பது, உடற்குறை, வருமானம், முந்திய இரவு எங்கே உறங்கினார் என்பது, வெளியேறும்போது எங்கே செல்கிறார் என்பது யாவும் கணினிப் பதிவேட்டில் ஏறுகின்றன. 2001இல் கொங்கிரஸ் சபை இட்ட பணிப்பிலிருந்து வளர்ந்த ஏற்பாடு இது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மக்கள் எத்தனை நாள் வீடற்றிருந்தனர், நிரந்தர வீட்டுக்குச் சென்றோர் எத்தனை பேர், அவர்களுள் இரண்டாண்டுக்குள் மீண்டும் தெருவுக்கு வந்தோர் எத்தனை பேர், வருமானம் கூடியதா, முதன்முதலாக வீடிழந்தோர் தொகை குறைந்ததா என்பனவற்றை அளந்து, அந்த அளவையை நிதிப் பங்கீட்டுடன் பிணைத்தது.

இங்கேதான் எமது கேள்வி எழுகின்றது. பொதுமக்களின் பணம் எவ்வாறு செலவாகின்றது என்று கேட்பது நியாயம். ஆனால் அக்கேள்விக்கு விடை காண்பதற்காக, இல்லாதவனை நிறுத்தி அவனது வாழ்க்கையை வரிவரியாகப் பதிந்துகொள்வது நீதியாகுமா? படுக்கைக்கு விலையாக அவன் தன் கதையைக் கொடுக்க வேண்டுமா?

‘அன்பை அளக்கலாகாது, அறத்துக்குக் கணக்குப் பார்ப்பது இழுக்கு’ என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். இக்கூற்றுடன் எமக்கு உடன்பாடில்லை. உதவி என்பது உரிமையாயின் அதற்குக் கணக்கு உண்டு. தருமமாயின் மட்டுமே கணக்கில்லை. 1980களில் அந்நாட்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். றீகன் ஆட்சியில் வீடமைப்புக்கான மத்திய அரசின் ஒதுக்கீடு பெரிதும் வெட்டப்பட்டது. தெருக்களிற் படுப்போர் பெருகினர். வாஷிங்டன் நகரில் அவர்களுக்காகப் போராடிய மிச் சினைடரும் தோழர்களும் இருபது முதல் முப்பது இலட்சம் பேர் வீடற்றிருப்பதாகக் கூறினர். 1984இல் திணைக்களம், இரண்டரை இலட்சம் முதல் மூன்றரை இலட்சம் வரையே என்றது. இரு தொகைகளுக்கும் இடையே பத்து மடங்கு வேறுபாடு! உண்மையில் எத்தனை பேர் என்பதை எவரும் அறிந்திலர். அறியாமை யாருக்கு உதவியது? ‘பிரச்சினை சிறிது, உள்ளூர்க் கோவில்களும் தரும ஸ்தாபனங்களும் பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்ல விரும்பியோருக்கே உதவியது. எண்ணப்படாதோர் ஆட்சியாளரின் கண்ணில் இல்லாதோரேயாவர்.

1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது மார்ச் மாதத்தில் ஓர் இரவு தெருக்களும் புகலிடங்களும் எண்ணப்பட்டன. எண்ணுவோர் சரிவர எண்ணுகின்றனரா என்று சோதிப்பதற்காகச் சில நகரங்களில் ஆய்வாளர் தாமே வீடற்றோர்போல் தெருவில் அமர்த்தப்பட்டனர். அவர்களுட் பலர், தம்மை எவரும் வந்து எண்ணவில்லை என்று அறிக்கையிட்டனர். எண்ணப்படுவதற்காகவே சென்று அமர்ந்தவரையே காணாத கண், ஒளிந்து உறங்குபவனை எவ்வாறு காணும்?

ஆயினும் பதிவேடு செய்யக்கூடிய நன்மையையும் மறைத்தலாகாது. டெனிஸ் கல்ஹேன் என்ற ஆராய்ச்சியாளர் 1990களில் பிலடெல்பியா, நியூ யோர்க் ஆகிய நகரங்களின் புகலிடப் பதிவேடுகளை எடுத்து, ஓரிரவுக்குப் பதிலாகப் பல ஆண்டுகளைச் சேர்த்து நோக்கினார். நியூ யோர்க் நகர மக்களில் நூற்றுக்கு மூவருக்கு மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு முறையேனும் புகலிடத்திற் படுத்தெழுந்தவர்கள் என்பது வெளிப்பட்டது. வீடற்றோர் என்பார் குடியராலும் மனநோயாளராலும் ஆன ஒரு சிறு கூட்டம் என்ற நம்பிக்கை இதனால் ஆட்டங் கண்டது. வாடகை கொடுக்க முடியாமற் போன உழைப்பாளர், கணவனைப் பிரிந்த தாய்மார், சிறு பிள்ளைகள் எனச் சாதாரண வறியோரே வந்து வந்து போயினர். புகலிடத்தின் எழுதுவினைஞர் தம் அலுவலுக்காக எழுதி வைத்த வரிகள், எழுதியவரே அறியாமல், ஒரு சமுதாயத்தின் மீது சாட்சி கூறின.

அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. புகலிடம் வருவோரிற் பத்திலொரு பங்கினரே நெடுங்காலம் தங்குவோர். ஆனாற் படுக்கை நாட்களிற் பாதியளவு அவர்களுக்கே செலவாகின்றது. அரசாங்கம் எதனைப் பற்றிக்கொண்டது என்பது கவனிக்கத்தக்கது. இந்த இரண்டாவது முடிவையே பற்றிக்கொண்டது. நெடுங்கால வீடின்மையைப் பத்தாண்டுகளில் ஒழிப்போம் என்ற திட்டம் 2000களின் முற்பகுதியிலே முழங்கப்பட்டது. தீயதோர் திட்டம் என்று நாம் கூறவரவில்லை. பலருக்கு அது வீடு தந்தது. ஆனால் எஞ்சிய பெரும்பான்மையோரின் வறுமை, செலவு குறைந்த வறுமையாதலால், பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. தரவு ஒன்றே, அதனைத் திறப்பவன் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறான் என்பதே வேறுபடுகின்றது.

இனி, பெறுபேற்றை நிதியுடன் பிணைக்கும் முறைக்கு வருவோம். ஆசிரியராகிய எமக்கு இது புதிய சரக்கன்று. 1862இல் இங்கிலாந்தில் றொபேட் லோ என்பார் புகுத்திய விதிக்கோவை, பிள்ளைகளின் வரவையும், வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் அவர்கள் பரிசோதகர் முன் காட்டிய தேர்ச்சியையும் கணக்கிட்டுப் பாடசாலைக்குப் பணம் கொடுத்தது. அதன் சாயல் குடியேற்ற நாட்டுக் கல்விக்கும் வந்து சேர்ந்தது. இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளும் அதனை அறிந்தவையே. விளைவு யாது? பிள்ளைகள் வாசிப்புப் புத்தகத்தை மனனஞ் செய்தனர். பரிசோதகர் கேட்காத பாடங்கள் கைவிடப்பட்டன. அம்முறை அங்கே ஒழிய முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதன் ஆவி முற்றாக ஒழிந்ததென்று சொல்வதற்கில்லை. நாம் முன்பு கடமையாற்றிய பாடசாலையொன்றில், சித்தி வீதம் குறையும் என்ற அச்சத்தினால், பின்தங்கிய மாணவர் சிலரை அவ்வருடப் பரீட்சைக்குத் தோற்றாதிருக்குமாறு ‘அறிவுரை’ கூறி அனுப்பினர். அவ்வாண்டு வீதம் உயர்ந்தது. பாராட்டுக் கூட்டமும் நடந்தது. அப்பிள்ளைகள் அறுவரில் ஒருவரேனும் மறுவருடம் திரும்பி வரவில்லை. கூட்டத்தில் நாமும் இருந்தோம், வாய் திறந்தோமில்லை.

புகலிடங்களின் நிலையும் இதுவே. நிரந்தர வீட்டுக்குச் சென்று அங்கே நிலைத்தோரின் தொகைதான் புள்ளியெனில், எவரை ஏற்பது நிலையத்துக்கு இலாபம்? வேலை கிடைக்கக்கூடிய இளைஞனையா, மூன்று முறை வீடு கிடைத்தும் நோயினால் இழந்த முதியவனையா? எல்லோரும் தெரிந்தெடுத்தே சேர்க்கின்றனர் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தன்னலமற்றுப் பணி செய்வோர் அங்கே ஆயிரக்கணக்கில் உளர். ஆனால் அளவுகோல் எப்பக்கம் சாய்ந்திருக்கிறதோ அப்பக்கம் மனிதரும் மெல்லச் சாய்வர்.

‘மீண்டும் வீடற்றோர் ஆனார்’ என்ற கணக்கும் விசித்திரமானது. வெளியேறியவர் மறுபடியும் அப்பகுதிப் பதிவேட்டில் தோன்றினால் மட்டுமே அவர் மீண்டவராகின்றார். வேறு மாநிலத்துக்குப் போய் அங்கே தெருவிற் படுத்தால், சிறைக்குப் போனால், இறந்தே போனால், அவர் மீளவில்லை! தங்கையின் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் பிள்ளைகளுடன் ஒதுங்கிய தாய், வீடமைப்புத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி பொதுவாக வீடற்றவளே அல்லள். கல்வித் திணைக்களத்தின் வரைவிலக்கணமோ அவளது பிள்ளைகளை வீடற்ற மாணவராகவே கொள்கிறது. அவ்வாறு கணக்கிடும்போது அந்நாட்டுப் பாடசாலைகளில் வீடற்ற மாணவர் பத்து இலட்சத்துக்கு மேற்படுகின்றனர். ஒரே அரசு, ஒரே குடும்பம். காலையில் பாடசாலைக்குப் போகும்போது பிள்ளைக்கு வீடில்லை, இரவில் தாய்க்கு வீடுண்டு.

வினாக்கொத்தின் கொடுமை இவை யாவற்றிலும் கூர்மையானது. வீடுகள் சில, வேண்டுவோர் பலர் என்ற நிலையில், யாருக்கு முதலிடம் என்று தீர்மானிப்பதற்காக 2013இல் ஒரு வினாக்கொத்து உருவாகி நாடெங்கும் பரவியது. எத்தனை முறை மருத்துவமனைக்குப் போனாய், எத்தனை முறை பொலிசாரிடம் அகப்பட்டாய், போதைப்பொருள் கொண்டு திரிந்ததுண்டா, பணத்துக்காக உடலைக் கொடுத்ததுண்டா என்றெல்லாம் அது வினவும். ‘ஆம்’ என்ற விடைக்குப் புள்ளி. புள்ளி கூடினால் வீடு அருகே வரும். முன்பின் அறியாத ஒருவரிடம் இவற்றை ஒளிவின்றிச் சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? காலமெல்லாம் பொலிசாருக்கும் அரசாங்க அலுவலருக்கும் அஞ்சி வாழ்ந்த கறுப்பின மக்கள் குறைவாகவே சொன்னார்கள்போலும். வெள்ளையரிலும் குறைந்த புள்ளிகளே அவர்களுக்குக் கிடைத்தன என்று ஆய்வுகள் காட்டின. அக்கருவியை ஆக்கியோரே 2020இல் அதனைக் கைவிடப்போவதாக அறிவித்தனர். அதற்குள் எத்தனை பேர் தம் மானத்தைப் புள்ளியாக மாற்றிக் கொடுத்துவிட்டு, வீடு கிடைக்காமலே தெருவுக்குத் திரும்பினர்!

சொல்ல மறுக்கும் உரிமை உண்டுதானே என்பர். உண்டு. படிவத்தில் அதற்கெனத் தனி விடையே இருக்கின்றது. முன்பு ‘மறுத்தார்’ என்றிருந்ததனை அண்மையில் ‘விடையளிக்க விரும்பவில்லை’ என்று நாகரிகமாக மாற்றியுள்ளனர். ஆனால் நிலையத்தின் தரவுத் தரத்தைச் சோதிக்கும் அறிக்கையில் அந்த மௌனம் பிழை வீதத்துடன் சேர்கிறது. எனவே அலுவலர் இன்னுமொரு முறை, சற்று வற்புறுத்திக் கேட்கிறார். மேலும், 2004ஆம் ஆண்டு விதிகளின்படி, சில சந்தர்ப்பங்களில் நீதிமன்றக் கட்டளை இல்லாமலே பொலிசாருக்குப் பதிவேட்டுத் தகவல் கொடுக்கலாம். 2024 ஜூனில் உயர் நீதிமன்றம், பொது இடங்களில் உறங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவையல்ல என்று, கிறான்ற்ஸ் பாஸ் நகர வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையினால் தீர்ப்பளித்தது. உறக்கம் குற்றமாகும் நாட்டில் ‘முந்திய இரவு எங்கே உறங்கினாய்?’ என்ற கேள்வி முன்போன்ற கேள்வியன்று.

பெயரின்றி எண்ண வழியில்லையோ? உண்டு, அந்நாட்டுச் சட்டமே அவ்வழியைக் காட்டுகிறது. வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களுக்கான நிலையங்கள் பொதுப் பதிவேட்டிற் பெயர்களை இடலாகாது என 2006 முதல் தடை உள்ளது. அவை வேறான ஏட்டில் எழுதி, மொத்தத் தொகையை மட்டுமே அனுப்புகின்றன. அதனால் அரசாங்கம் கவிழ்ந்துவிடவில்லை. ஒரு சாராருக்கு ஆபத்து என்று கண்டபோது சாத்தியமானது, ஏனையோருக்கு ஏன் சாத்தியமாகவில்லை?

இத்தனை அளவைகளுள்ளும் வாடகைக்கு இடமில்லை. புகலிடம் அளக்கப்படுகிறது, அங்குள்ள ஊழியர் அளக்கப்படுகின்றனர், படுப்பவன் அங்குலம் அங்குலமாக அளக்கப்படுகிறான். வீட்டுச் சொந்தக்காரரின் பெறுபேறு எப்படிவத்தில் எழுதப்படுகிறது? ஒதுக்கீட்டைக் குறைத்த சபையினரின் பெறுபேறு? வாடகை உதவிக்குத் தகுதியுடைய குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கே அவ்வுதவி கிடைக்கின்றது. புகலிடம் எவ்வளவு திறமையாக இயங்கினும் ஏனைய மூன்று குடும்பங்களுக்கு அது வீட்டை எங்கிருந்து கொண்டுவரும்? படையிற் சேவை செய்தோரின் கணக்கு இதனைத் தெளிவாக்கும். 2010இல் அவர்களுள் வீடற்றோர் எழுபத்து நாலாயிரம் அளவினர். 2024இல் 32,882 பேர். மற்றோர் தொகை ஏறிய ஆண்டிலும் இவர்கள் தொகை இறங்கியது. இவர்களுக்கென வாடகைச் சீட்டுகளும் அவற்றுடன் மருத்துவ, சமூக சேவைகளும் ஆண்டுதோறும் பெருமளவில் ஒதுக்கப்பட்டமையே முதன்மையான காரணம். எண்ணியதனால் மட்டும் குறைந்ததன்று. வீடு கொடுத்ததனாற் குறைந்தது. கொடுத்தது பயன்பட்டது என்று அறிந்ததோ எண்ணியதனால்.

எம்முடன் கற்பிக்கும் கணித ஆசிரியர் இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு, “அப்படியாயின் பதிவேட்டைக் கிழிப்பதா, வைத்திருப்பதா? ஒன்றைச் சொல்லுங்கள்” என்றார். வைத்திருக்க வேண்டும் என்றோம். ஆனாற் பெயரின்றி வைத்திருக்க வேண்டும். பதில் சொல்லாதவனுக்கும் படுக்கை குறையாதிருக்க வேண்டும். எந்தக் கேள்வி கேட்பது என்பதைக் கேட்கப்படுவோரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். இந்த மூன்றாவதற்குச் சட்டத்தில் ஒரு சிறு வாயில் ஏற்கெனவே உண்டு: அரசாங்க நிதியைப் பங்கிடும் உள்ளூர்ச் சபைகளில் வீடற்றவராகவோ முன்பு வீடற்றிருந்தவராகவோ ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஒருவர்! பாதிப் பேராக்கினாற் போதும் என்கிறார் நண்பர். பாதிக்கு மேல் என்கிறோம் நாம். இன்னும் வாதம் முடிந்தபாடில்லை.